கால்நடை வளர்ப்போருக்கான கோடைக்காலச் சுற்றுச்சூழல் பயிற்சிகளுக்குப் போவதால் உண்மையில் பயன் உண்டா?

சாணம், கழிவுநீர், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் பற்றிய பயிற்சிகளைப் பெரும்பாலும் கோடையில்தான் வைக்கிறார்கள், வேலை மிகுந்த நேரத்தில் ஒரு பகல் முழுவதையும் அதற்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடுகளை வைத்துப் பிழைப்பவன், இத்தகைய பயிற்சிகளில் தொடர்ந்து கலந்துகொள்பவன் என்ற முறையில், கட்டாயம் போய் வாருங்கள் என்றே சொல்வேன். ஆனால் அரங்கில் அமர்ந்து உரை கேட்கும் நிகழ்ச்சியைவிட, மாடுகள் நிற்கும் பண்ணையிலேயே சாணத்தை அள்ளி, எடைபோட்டு, கணக்குப் பார்க்க வைக்கும் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்.

கோடையில் நடத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டின் சிறுநீரிலுள்ள யூரியா, சாணத்திலுள்ள நொதியோடு சேரும்போது அம்மோனியாவாக மாறுகிறது. வெயிலும் காற்றும் கூடக்கூட அது விரைந்து ஆவியாகிறது. உச்சிவேளையில் கொட்டகைக்குள் மூக்கில் ஏறும் அந்த நெடி, பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போய்க்கொண்டிருப்பதன் அடையாளம். சாணக் கரைசலை வெயில் நாளில் நிலத்தின் மேல் ஊற்றி அப்படியே விட்டால், இழப்பின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஊற்றிய கையோடு உழுது மண்ணுக்குள் மூடினால் அதில் கணிசமான பங்கைக் காப்பாற்றலாம். ஒரே வயலில் மூடிய பட்டையையும் மூடாத பட்டையையும் அருகருகே விட்டு, இரண்டுக்கும் நடுவில் நிற்க வைக்கும் செயல்விளக்கம், பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட வேகமாக இதைப் புரியவைக்கும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது தார்ப்பாய்ச் சோதனை. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தார்ப்பாயை வயலில் விரித்து, வழக்கம்போல் எரு இறைக்கும் வண்டியை அதன்மேல் ஓட்டிவிட்டு, விழுந்த எருவைத் தார்ப்பாயோடு தூக்கித் தராசில் வைப்பார்கள். தார்ப்பாயின் எடையைக் கழித்து நான்கால் வகுத்தால், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ விழுந்தது என்பது தெரிந்துவிடும். சதுர மீட்டருக்கு 1 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 10 டன். கண்ணளவில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் தராசைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள்; அந்தப் பேச்சில்தான் மண் பரிசோதனையின் அவசியம் தானாகவே வெளிவரும். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து முழுவதையும் எருவிலேயே கொடுக்க முயன்றால், மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் தேவைக்கு மேல் போய்விடும். மிஞ்சிய மணிச்சத்து ஆண்டுதோறும் மண்ணில் சேர்ந்து, மழையில் மண்ணோடு அடித்துச் செல்லப்பட்டு நீர்நிலையை அடைகிறது. வெப்பமும் தேக்கமும் கூடிய கோடையில் அங்கே பாசி பெருகி, நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் சாகின்றன.

மட்கு உரம் தயாரிக்கும் பகுதியில் வெப்பமானியும் கையுமே போதும். குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கினால், பிழிந்த துணிபோல் ஈரம் தெரிய வேண்டும். நீர் வழிந்து ஓடக் கூடாது. கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 25 முதல் 30க்கு 1 என்ற விகிதத்தில் அமையும்படி வைக்கோல் போன்ற காய்ந்த பொருளைச் சேர்க்க வேண்டும். நீளக் குவியலில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பம் 15 நாள் நிலைத்து, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப் போட்டால், நோய்க்கிருமிகள் பெருமளவு அழியும். களை விதைகளும் பெரும்பாலும் முளைப்புத்திறன் இழக்கும்.

கழிவுத் தொட்டியின் பாதுகாப்பைப் பேசாத பயிற்சியை நான் முழுமையான பயிற்சியாகக் கருதுவதில்லை. தேங்கிய சாணக் கரைசலைக் கலக்கும்போது, அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரேயடியாக வெளியேறும். காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்திலேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும் என்பதால், நாற்றம் இல்லை என்பதை நம்பி இறங்கக் கூடாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் அவருக்குப் பின்னால் இறங்கியவரும் மாண்டுபோன நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. தனிக் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி இல்லாமல் யாரும், எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

மீத்தேனைப் பற்றிய உரைகளுக்குச் சில நிகழ்ச்சிகளில் அதிக நேரம் போகிறது. மாட்டின் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாகவே வெளியேறுகிறது என்பதும், தரமான தீவனமும் மந்தையின் நலமும் ஒரு லிட்டர் பாலுக்கான வெளியீட்டைக் குறைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆயினும் ஒரே பகல்தான் இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கை எருவைச் சேமிப்பதற்கும் இடுவதற்கும் ஒதுக்குவதே நியாயம் என்பது என் கருத்து, ஏனெனில் அந்த இரண்டும் மறுநாளே நம் கையால் மாற்றக்கூடியவை.

போகும்போது உங்கள் கணக்கை எழுதி எடுத்துச் செல்லுங்கள். 500 கிலோ எடையுள்ள கறவை மாடு சாணமும் சிறுநீருமாக நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோ கழிக்கிறது என்று வைத்தால், பத்து மாடுகளுக்கு நான்கு மாதத்தில் 48 டன் சேரும். கொட்டகை கழுவும் நீர் இதற்கு மேல். இந்த எண்ணோடு உங்கள் தொட்டியின் கொள்ளளவும் மண் பரிசோதனை முடிவும் கையில் இருந்தால், பயிற்சியாளரிடம் பொதுவான அறிவுரைக்குப் பதிலாக உங்கள் பண்ணைக்கான விடையைக் கேட்டு வாங்கலாம். கழுவிய காலணியோடு போங்கள். திரும்பியதும் உங்கள் மாடுகளிடம் போகுமுன் அதை மறுபடியும் கிருமிநாசினியில் கழுவிவிடுங்கள். வந்தவர்கள் காலில் நோய் ஏறிப் போவதற்குப் பயிற்சி நாள் நல்ல வாய்ப்பாகிவிடக் கூடாது.

கோடைப் பயிற்சியால் காட்ட முடியாத ஒன்றும் உண்டு. ஓடைக்கரையில் விட்ட புல் வரப்பு வழிந்தோடும் நீரைத் தடுக்கிறதா, தொட்டி நிரம்பி வழிகிறதா என்பவை மழையில்தான் தெரியும். ஆகவே விடைபெறும்போது, கனமழைக்குப் பிறகு அதே பண்ணையை மறுபடி வந்து பார்க்கலாமா என்று பண்ணைக்காரரிடம் கேட்டு வையுங்கள்.