வீடு கட்ட காண்ட்ராக்டருடன் போடும் ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்க என்ன செய்ய வேண்டும்?

பத்திரத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அப்படி நினைத்துத்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஒப்பந்தத்தில் "மெட்டீரியலோடு சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரி. சாட்சிக் கையெழுத்தெல்லாம் பக்கா. தளம் போட்டதும் மேஸ்திரி டேப்பை எடுத்தார். போர்டிகோ, மாடிப்படி ஹெட்ரூம், சன்ஷேடு எல்லாம் முழு அளவில் சேர்ந்தன. என் கணக்கில் போர்டிகோ பாதி, சன்ஷேடு கிடையவே கிடையாது. இருவரும் பொய் சொல்லவில்லை, தாளில்தான் பதில் இல்லை. பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. எங்களுடையது அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் வக்கீல் படித்துவிட்டு, "எதை வைத்து சார் வாதாடறது?" என்றார்.

அதனால் எதை எப்படி அளப்பது, கம்பி, சிமெண்ட் என்ன பிராண்ட், செப்டிக் டேங்க், சம்ப் உள்ளே வருமா, பேஸ்மெண்ட், லிண்டல், தளம், பூச்சு என எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை எழுதுங்கள். பிளானிலும் இருவரும் கையெழுத்திடுங்கள்.

எக்ஸ்ட்ரா வேலைதான் அடுத்த வம்பு. "இங்க ஒரு லாஃப்ட் போட்டுடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, எழுதவில்லையே என்று கையை விரிக்க முடியாது. இலவசமாகச் செய்ய நினைக்காதவரின் வேலையை அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்று 70-ஆம் பிரிவு இருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே ரேட்டை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தாமதத்துக்கு அபராதம் எழுதலாம். ஆனால் 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். நியாயமான அளவே கிடைக்கும்.

முத்திரைத் தீர்வை குறைந்தால் ஒப்பந்தம் செத்துவிடாது. குறைவையும் அபராதத்தையும் கட்டும்வரை அதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள், அவ்வளவுதான். நோட்டரி சீல் அதற்கு ஈடாகாது.

அப்புறம், காலக்கெடு. சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு.

நான் இரண்டுக்கும் போகவில்லை. போர்டிகோ பாதி, ஹெட்ரூம் முழுசு, சன்ஷேடு இல்லை என்று டீக்கடை பெஞ்சில் பேசி முடித்தோம். இந்த முறை எழுதி வாங்கிக்கொண்டேன்.