மருத்துவர் பதில்: இரண்டு முறை கவுன்சலிங் போயும் குடி நிற்கவில்லை, இனி என்ன செய்வது?

கேள்வி: எங்களுக்குக் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவருக்கு வயது 41. மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு லோடு ஏற்றும் வேலை. பதினைந்து வருடமாகக் குடிக்கிறார். இரண்டு வருடமாகக் காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார். கார்த்திகையில் மாலை போட்டபோது ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டார். காத்துக் கருப்பு என்று பாடம் போட்டோம். அவருடைய அண்ணன் மாலையைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். இரண்டு முறை கவுன்சலிங் அழைத்துப் போனோம், பயனில்லை. பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது மறுபடி நிறுத்த வைப்பதாக வீட்டில் முடிவு. சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மாத்திரையை யூடியூபில் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்றார்கள், கீழாநெல்லி கொடுக்கிறேன். என் வாய்தான் அவர் குடிக்கக் காரணம் என்கிறார் மாமியார். பத்தாவது படிக்கும் மகன்தான் இரவில் அவரைக் கடையிலிருந்து அழைத்து வருகிறான். இனிப் பேசி என்ன ஆகப்போகிறது, டாக்டர்?

பதில்: அந்த மாத்திரை அட்டையை எடுத்து ஒரு பையில் போட்டுத் தனியாக வையுங்கள், ஒரு மாத்திரைகூட அவருடைய தட்டுக்குப் போகக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் அது டைசல்ஃபிராம். 1940களின் பிற்பகுதியில் டென்மார்க்கில் குடிநோய்க்குக் கொடுக்கத் தொடங்கிய அந்த மருந்தை நானும் எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் குடித்தால் என்ன நடக்கும் என்பதைச் சாப்பிடுகிறவர் தெரிந்துகொண்டு, அதற்குச் சம்மதித்து, இதயமும் கல்லீரலும் சோதிக்கப்பட்ட பிறகே அதைத் தொட வேண்டும். மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் அரை மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து விழுவார்; இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். இதில் ஒரு வார்த்தையையும் சொல்லாமல் "தெரியாமல் கொடுங்கள், குடியை வெறுத்துவிடுவார்" என்று காணொளி போடுகிறவர்கள் செய்வது மன்னிக்கக் கூடியதன்று. அதோடு, இந்த விஷயம் அவருக்கு என்றாவது தெரியவரும். அன்றிலிருந்து நீங்கள் பரிமாறும் ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார். பிறகு எந்த ஆலோசகரிடமும் உங்களோடு சேர்ந்து வந்து உட்கார மாட்டார்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மூன்றாம் நாள் இரவைப் பற்றிய வரிகளைத்தான். அங்கே காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. குடி திடீரென்று நின்றதால் மூளை கலங்கிய நிலை அது. தொப்பூர் கணவாயில் சரக்கு லாரி இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மது மூளைக்கு ஓயாமல் போடப்படும் பிரேக். அதை மீறி இயங்குவதற்காக மூளை ஆண்டுக்கணக்கில் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறது. ஒரே நாளில் பிரேக்கை எடுத்துவிட்டால், கூட்டி வைத்த வேகம் அப்படியே தறிகெட்டு ஓடுகிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நீங்கள் கண்ட குழப்பமும் வரும்: இல்லாத பூச்சி தெரிவது, ஆள் தெரியாமல் போவது, தூக்கமே இல்லாமல் இரவெல்லாம் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது. சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நிலை உயிரைக் கொண்டுபோகக் கூடியது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுவார்கள். ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறை திடீரென்று நிறுத்தும்போது இதைவிடக் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் பங்குனிக் காப்பு பற்றிய உங்கள் வீட்டு முடிவு எனக்கு அச்சமூட்டுகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இதே கலக்கத்தோடும் வலிப்போடும் பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் யாரும் மனவுறுதி குறைந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே அவர் காப்புக் கட்டிக்கொள்ளட்டும். அதற்கு ஒரு வாரம் முன்பாகவே மருத்துவமனையில் சேர்ந்து, மருந்தின் துணையோடு நிறுத்திவிட்டு வந்து கட்டிக்கொள்ளட்டும். நடுக்கமும் வலிப்பும் வராமல் காக்கும் மாத்திரைகளை அளவு பார்த்துக் கொடுத்து, ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். அந்த மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது. குடியோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். இதற்கிடையில் எந்தக் காரணத்தாலாவது குடி நின்று, பொருந்தாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, உங்களை அடையாளம் தெரியாமல் போனாலோ, பாடம் போடுகிறவரைத் தேடி ஓடாமல் 108க்கு அழையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வார்த்தையாக "இவர் தினமும் குடிப்பவர், இத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார்" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு "காய்ச்சல், சோர்வு" என்று சொன்னால், குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நீண்ட நாள் குடித்தவருக்குத் தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றுவது மூளைக்கே கேடாக முடியலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரலில் கொழுப்பு என்பது தொடக்க நிலை. குடி நின்றால் அது பெரும்பாலும் சரியாகிவிடும், நிற்காவிட்டால் கீழாநெல்லியால் ஆவது ஒன்றுமில்லை. மாதாமாதம் ஸ்கேன் எடுக்கும் பணத்தை மிச்சப்படுத்துங்கள். மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டால் ஊரார் என்ன பேசுவார்களோ என்ற தயக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம். நோயாளியின் விவரங்களை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

இனி, நீங்கள் கடைசி வரியில் கேட்டதற்கு வருகிறேன். போதை தெளியாத நிலையில் ஒருவரை உட்கார வைத்து, சுற்றிலும் அம்மா, அண்ணன், மாமனார் எல்லாரும் நின்றுகொண்டு, குடும்பத்தை நினைத்துப் பார், பிள்ளையை நினைத்துப் பார் என்று அரை மணி நேரம் அறிவுரை சொல்வதையே நம் ஊரில் பலர் கவுன்சலிங் என்று நினைக்கிறார்கள். உங்கள் கணவர் போன இரண்டு முறையும் அப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். அதற்குப் பயன் இல்லாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. குடி கெடுதல் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்குக் கை நடுங்கித் தேநீர் டம்ளரைப் பிடிக்க முடியாதபோது அவருக்கே அது தெரிகிறது. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் எழுதிய முறையைத்தான் இன்று பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதில் ஆலோசகர் வாதாடுவதில்லை. "குடிப்பதால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்கிறார், வீட்டில் யாரும் அவரிடம் அதுவரை கேட்டிராத கேள்வி அது. உடல்வலி மறக்கிறது, கடன்காரன் முகம் மறக்கிறது, தூக்கம் வருகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, எதை இழந்துகொண்டிருக்கிறார் என்பதும் அவர் வாயாலேயே வரும். மாறுவதற்கான காரணம் அவரிடமிருந்து வந்தால்தான் அவர் அதற்குக் கட்டுப்படுவார்.

அடுத்த வேலை இன்னும் நுணுக்கமானது. என்னிடம் வந்த கிரானைட் பட்டறைத் தொழிலாளி ஒருவரை, மகளுடைய பழைய நோட்டில் தினமும் எப்போது ஆசை வந்தது, எங்கே இருந்தார், யார் உடனிருந்தார் என்று எழுதச் சொன்னோம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், அவருடைய குடி முழுவதும் சனிக்கிழமை கூலி வாங்கும் இடத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலான இருபது நிமிட நடையிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேட்டார். சனிக்கிழமை மாலை மட்டும் மனைவி பட்டறை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். வயிறு காலியாக இருந்தால் ஆசை கூடுகிறது என்று தெரிந்து, கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டார். குடிக்கும் ஆசை ஓர் அலைபோல் எழுந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைக் கடப்பதற்கு அவரவர் வாழ்க்கைக்குப் பொருந்தும் வழியைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு அமர்வுகள் போதா. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு இடைவெளி விட்டு ஓராண்டாவது தொடர்ந்தும் வர வேண்டும். அந்தத் தொழிலாளியும் நடுவில் இரண்டு தடவை குடித்தார். இரண்டு தடவையும் மறுநாளே வந்து சொன்னார். சர்க்கரை கூடிவிட்டது என்று வந்து சொல்லும் நோயாளியைப் போலத்தான் அவரையும் நடத்தினோம். என்ன நடந்தது என்று பார்த்து நோட்டில் இன்னொரு வரி சேர்த்தோம். ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் அடிமையாவதில்லை, ஆனால் அவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

மாமியார் சொல்வதை நீங்கள் பாதி நம்பிவிட்டீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. உங்கள் வாய் அவரைக் குடிக்க வைக்கவில்லை, அம்மா. பதினைந்து ஆண்டுக் குடி ஒருவருடைய வாயால் வருவதும் இல்லை, ஒருவருடைய பொறுமையால் நிற்பதும் இல்லை. ஆனாலும் கவுன்சலிங் உங்களுக்கும் தேவை. அவர் வர மறுத்தால் உங்களுக்குத்தான் முதலில் தேவை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்கிறார்கள். குடிக்கிறவர் சிகிச்சையை மறுத்துவந்த 130 குடும்பங்களை வைத்து 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீட்டாருக்கு முறையான பயிற்சி கொடுத்த பிரிவில் 64 விழுக்காட்டினரால் அவரைச் சிகிச்சைக்கு வரவைக்க முடிந்தது. அந்தப் பயிற்சியில் சொல்லித் தருவது எளிமையானது, செய்யத்தான் கடினம். போதையில் இருக்கும்போது எதையும் பேசக் கூடாது, அழவும் கூடாது. சிகிச்சையைப் பற்றிய பேச்சை, அவரே வருந்தும் நேரம் பார்த்து, இரண்டு வாக்கியத்தில் சொல்லி நிறுத்திவிட வேண்டும். வேலைக்குப் போகாத நாளில் அவருக்காக மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லக் கூடாது. குடிக்கு வாங்கிய கடனை நகை வைத்து அடைக்கக் கூடாது. குடிக்காமல் வந்த ஒரு மாலையில், பழைய கணக்கு எதையும் எடுக்காமல், அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடிக்கிறார் என்றால் இவை எதுவும் பொருந்தாது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய் 181க்கு அழையுங்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சையும் கவுன்சலிங்கும் இலவசம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். நேரில் போகும் முன் பேச வேண்டும் என்றால் போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய இலவச எண்கள் இருக்கின்றன. அவர் வரவில்லையென்றால் இந்த வாரமே நீங்கள் மட்டும் போங்கள். அந்த மாத்திரை அட்டையையும், மூன்றாம் நாள் இரவில் நடந்ததை எனக்கு எழுதியதைப் போலவே ஒரு தாளில் எழுதியும் எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் மருத்துவருக்கு எந்த ஸ்கேனையும்விட அதுவே பயன்படும்.

மகனையும் ஒரு நாள் அழைத்துப் போங்கள். அப்பா குடித்தால் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை; வராமலே போகிற பிள்ளைகள்தான் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் பதினைந்து வயதுப் பையன் தினமும் இரவில் கடை வாசலில் நின்று, அப்பாவின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்து வருகிறான்; அவன் மனத்தில் இருப்பதை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றிரவிலிருந்து அந்த வேலைக்கு அவனை அனுப்பாதீர்கள். அவருடைய அண்ணன் போகட்டும்.