ஏசி குளிரவில்லை, எஞ்சின் கொதிக்கிறது: பழைய ட்ரக்டர் கேள்வி பதில்

புழுதி உழவு தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி "ரேடியேற்றர் கொதிக்குது அண்ணை" என்பதுதான். இப்போது ஏசிக் கபின் வைத்த பாவித்த ட்ரக்டர்களும் வந்து சேர்ந்திருப்பதால் "ஏசி வேலை செய்யுதில்லை" என்பதும் கூடவே வருகிறது. எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பூநகரி): ஜப்பானில் பாவித்து வந்த நாலு சில்லு ட்ரக்டர், ஏசிக் கபின். காலையில் நல்ல குளிர். பத்து மணிக்குப் பிறகு வெறும் காற்றுத்தான், அரை மணித்தியாலத்தில் வெப்ப முள்ளும் சிவப்புக்குப் போகிறது. ஏசி செய்பவர் காஸ் குறைவு என்று இரண்டு தரம் அடித்துவிட்டார். என்ன செய்ய?

பதில்: முதலில் காஸ் அடிப்பதை நிறுத்துங்கள். காஸ் உண்மையிலேயே குறைவு என்றால் காலையிலும் வடிவாகக் குளிராது. இரண்டும் ஒரே நேரத்தில் கெடுகிறது என்றால் அது பெரும்பாலும் ஒரே வருத்தம். உங்களுடைய மெசினில் ஏசியின் கொண்டென்சர் (காஸின் சூட்டை வெளியே விடும் தகட்டுப் பகுதி) ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கிறதா, கூரையில் இருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் என்றால் இரண்டையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும். முன்னால் என்றால், ஃபான் இழுக்கும் காற்று முதலில் கொண்டென்சரின் சூட்டை வாங்கிக்கொண்டு, அதே சுடுகாற்றாகத்தான் ரேடியேற்றருக்குள் போகிறது. அந்தக் காற்றும் வரவில்லை என்றால் இரண்டும் சேர்ந்து படுக்கும்.

அடைப்பு முன்பக்கம் தெரியாது, அதுதான் எல்லோரும் ஏமாறுகிற இடம். கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் விரல் மொத்த இடைவெளி இருக்கும், வைக்கோல் கூளமும் புழுதியும் அதற்குள் போய்ப் பாய் மாதிரிப் படிந்து கிடக்கும். இரவில் மெசினை நிறுத்திவிட்டு ஃபான் பக்கத்தால் ரோச் அடித்து முன்னால் நின்று பாருங்கள், வெளிச்சம் தெரியாத இடமெல்லாம் அடைப்பு. சில மெசின்களில் இரண்டு மூன்று போல்ற் கழற்றினால் கொண்டென்சர் சரியும், காஸ் குழாயைக் கழற்றத் தேவையில்லை. ஃபான் பக்கத்திலிருந்து வெளியே தள்ளித்தான் கழுவ வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் ஊத்தை இன்னும் உள்ளே போய் இறுகும். சேர்விஸ் நிலையத்துப் பெரிய அமுக்கத் தண்ணீர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடிந்தால் பிறகு காற்றுக்கு வழியே இல்லை. எண்ணெய் பட்டிருந்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள்.

இன்னொன்று, அந்த இரண்டு தரம் அடித்த காஸ். கூடினாலும் ஏசி குளிராது. அமுக்கம் ஏறிப் பாதுகாப்பு சுவிட்ச், காஸை அமுக்கிச் சுற்றவிடும் கொம்பிரசரை நிறுத்தும். உள்ளதை முழுக்க எடுத்துவிட்டு, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் நிறைக்கு அளந்து அடிக்கச் சொல்லுங்கள். ஆர்134ஏ என்ற வகைக் காஸ் என்றால், 32 பாகை வெயிலில் ஏசி ஓடும்போது அமுக்கமானியில் தாழ்பக்கம் (கொம்பிரசருக்குள் போகும் பக்கம்) 30 முதல் 40 பிஎஸ்ஐ, உயர்பக்கம் (அதிலிருந்து வெளியே வரும் பக்கம்) 200 முதல் 225 வரை காட்டினால் ஓரளவு சரி. உயர்பக்கம் 300ஐத் தாண்டிப் போகிறதென்றால் கொண்டென்சரால் சூடு வெளியேறவில்லை, அல்லது காஸ் கூட.

கேள்வி (அதே ஆள், நாலு நாள் கழித்து): நீங்கள் சொன்ன பாய் இருந்தது அண்ணை, ஒரு கடகம் கூளம் வந்தது. எஞ்சின் இப்போது ஏறுவதில்லை. ஏசி மட்டும் அரைகுறை.

பதில்: ஹீற்றரைப் பாருங்கள். குளிர் நாட்டுக்குச் செய்த கபின், எஞ்சின் சுடுதண்ணீர் உள்ளே போகும் குழாய் ஒன்று இருக்கும். அதன் வால்வு பழசாகி வடிவாக மூடாவிட்டால் ஒரு பக்கம் ஏசி குளிராக்கும், மறுபக்கம் ஹீற்றர் சூடாக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்தக் குழாயைக் கிளிப் போட்டு நெரித்துவிட்டு ஓடிப் பாருங்கள். குளிர் வந்தால் அப்படியே நிரந்தரமாக அடைத்துவிடலாம், யாழ்ப்பாணத்தில் ஹீற்றர் யாருக்கு? கபின் காற்று ஃபில்டரையும் ஒருக்கால் கழற்றித் தட்டுங்கள்.

கேள்வி (சுன்னாகம்): என்னுடையது பழைய மசி (மசி பேர்குசன்) 135 ட்ரக்டர். கபின் இல்லை, குடைதான். அப்பா காலத்திலிருந்து கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறோம், அப்போதெல்லாம் கொதிக்கவில்லை. இப்போது கலப்பை போட்டவுடன் கொதிக்கிறது.

பதில்: அப்பா காலத்திலிருந்து விட்டதுதான் தம்பி இப்போது கொதிக்கிறது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர், கொதிக்கக் கொதிக்கச் சுண்ணாம்பைக் கக்கும். கேத்திலை மாற்றலாம், எஞ்சினுக்குள்ளும் ரேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் படிந்ததை என்ன செய்வது? எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, ஃபான் நின்றபிறகு ரேடியேற்றரின் முகத்தைக் கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். இடையிடையே குளிராக இருக்கும் இடத்தில் குழாய் அடைத்துவிட்டது.

மெல்லிய படிவு என்றால் பத்து லீற்றருக்குக் கால் கிலோ அளவில் சிட்ரிக் அசிட் கரைத்து விட்டு, ஒரு மணித்தியாலம் சூடாக ஓடவிட்டு, ஆறவிட்டுத் திறந்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் நாலைந்து தரம் அலசுங்கள். இரவு முழுக்க ஊறவிடாதீர்கள், ரேடியேற்றர் ஒழுகத் தொடங்கும். முற்றாக அடைத்ததற்கு மருந்து இல்லை, தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டு எடுக்கத்தான் வேண்டும். இனி மாரியில் கூரைப் பீலித் தண்ணீரை இரண்டு கானில் பிடித்து வையுங்கள், கூலன்ற் பாதி, மழைத் தண்ணீர் பாதி. பனி பெய்யாத ஊருக்குக் கூலன்ற் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, அது துருவைத் தடுக்கும்.

கேள்வி (கொடிகாமம்): கராச்சில் தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்தார்கள். வெயில் நாட்டுக்குத் தேவையில்லையாம்.

பதில்: இது ஊருக்குள் பரவின ஒரு வருத்தம். தேர்மோஸ்டற் என்பது எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு ரேடியேற்றர் வழியைத் திறந்துவிடும் வால்வு. சில எஞ்சின்களில் அது திறக்கும்போது பைபாஸ் வழியையும் (ரேடியேற்றருக்குப் போகாத குறுக்கு வழி) அதுவே மூடும். அதை எடுத்தால் தண்ணீர் குறுக்கு வழியால் சுற்றி, ரேடியேற்றருக்கே ஒழுங்காகப் போகாமல் இன்னும் சூடாகும். மற்றதுகளில் எஞ்சின் எப்போதும் குளிராக ஓடி டீசலைக் குடிக்கும். புதுசு வாங்கி, பூட்ட முதல் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துப் பாருங்கள். 82 பாகை என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி (சாவகச்சேரி, ஒரு அக்கா): எங்கள் மெசினை வாடகைக்கு ஓடுகிற பெடியன் கொதித்தவுடன் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறான். பரவாயில்லையா?

பதில்: விடாதீர்கள் அக்கா. முகம் வெந்துவிடும். பழைய மசியில் மூடி 7 பிஎஸ்ஐ அமுக்கம் பிடிக்கும், அதனால் உள்ளே தண்ணீர் 110 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும், திறந்த கணத்தில் எல்லாம் நீராவி. நான் இருபது வயதில் இதே வேலையைச் செய்து ஒருவருடைய எஞ்சின் ஹெட்டை வெடிக்க வைத்தேன், இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போனது. சுமையை எடுத்துவிட்டு மெதுவாகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறின பிறகுதான் மூடி.

கேள்வி (வல்வெட்டித்துறை): எல்லாம் மாற்றியாயிற்று. மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் தண்ணீருக்குள் குமிழி குமிழியாக வருகிறது.

பதில்: ஹெட் காஸ்கெற் போய்விட்டது, எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இறுக்கி வைக்கும் தகடு அது. ஹெட்டைக் கழற்றினால் மட்டம் பார்க்காமல் திரும்பப் பூட்ட விடாதீர்கள்.

கேள்வி (பரந்தன்): 1990க்கு முந்திய மெசின், பழைய ஆர்12 காஸ். அது கிடைக்காது, சமையல் காஸ் அடித்துத் தரலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: குளிரும், பொய் இல்லை. ஆனால் மூடின கபினுக்குள் ஒழுகினால் ஒரு பீடி நெருப்புப் போதும். ஆர்134ஏக்கு மாற்றலாம். பழைய எண்ணெயை எடுத்து அதற்குரிய எண்ணெய் விட்டு, றப்பர் வளையங்களையும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் புதிதாகப் போட வேண்டும். முன்புபோல அவ்வளவு குளிராது. செலவைக் கேட்டுவிட்டு, கபின் கண்ணாடியைக் கழற்றி வைத்து ஒரு சின்ன ஃபான் பூட்டுகிறதுதான் லாபம் என்று நினைத்தால் நான் மறுக்க மாட்டேன்.

கேள்வி (கோப்பாய்): முள் சிவப்பில் நிற்கிறது, ஆனால் தண்ணீர் கொதிக்கவும் இல்லை, குறையவும் இல்லை.

பதில்: பொய் சொல்வது முள்ளாக இருக்கும், சென்சர் வயரும் ஏர்த்தும் பாருங்கள் தம்பி. ரேடியேற்றரில் கை வைக்காதீர்கள்.