கணினி கேள்வி–பதில்: கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன்

கேள்வி: திருமண வீடியோ எடுக்கும் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்துகிறேன். சென்னை ரிச்சி தெருவில், புதுப்பித்து விற்கப்பட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7050 கணினியை வாங்கினேன். ஒல்லியான சிறிய பெட்டி, ஐ5-7500 பிராசசர், 16 ஜிபி ரேம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வண்ணத் திருத்தம் செய்தால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் உள்ளூர்க் கடைக்காரர். டெல்லில் கார்டு போட முடியாது, ஹெச்பியோ லெனோவாவோ வாங்கியிருக்க வேண்டும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
– வாசகர், விருதுநகர்

பதில்: கடைக்காரர் சொன்ன கார்டு உங்கள் பெட்டிக்குள் நுழையாது. நண்பர் சொன்ன காரணமும் சரியல்ல. டெல், ஹெச்பி, லெனோவா மூன்றுமே அலுவலகங்களுக்காகச் செய்யும் ஒல்லிப் பெட்டிகளில் ஒரே சிக்கல்தான் இருக்கிறது: பாதி உயரக் கார்டுக்கு மட்டுமே இடம், அளவான மின்சாரம், மற்ற கணினிகளோடு ஒத்துப்போகாத மின் இணைப்பு. எனவே முகப்பில் இருக்கும் பெயரை விட்டுவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

மூடியைத் திறந்ததும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மீது ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். உங்கள் மாடலில் அது 180 வாட் என்று இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு தனியாகவே 170 வாட் வரை இழுக்கும். உங்கள் பிராசசருக்கு 65 வாட் வேண்டும். மதர்போர்டு, ரேம், டிஸ்க், விசிறி ஆகியவை அதற்கு மேல். ஒரு கார்டு, மதர்போர்டில் அதைச் செருகும் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் பெறலாம் என்பது பொது விதி. அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு 6 முள் இணைப்பு இன்னொரு 75 வாட்டையும், 8 முள் இணைப்பு 150 வாட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகக் கொண்டுவரும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயர்களே கிடையாது. சில ஒல்லிப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கான வரம்பையே 75 வாட்டுக்குக் கீழே வைத்திருப்பார்கள் என்பதால், உங்கள் மாடலின் கையேட்டில் அந்த எண்ணையும் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின் ஒயரை 6 முள்ளாக மாற்றித் தரும் இணைப்பான்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றை வாங்காதீர்கள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று முள்தான் உண்டு, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தமே 54 வாட்தான். அதன் வழியே 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிவிடலாமே என்றால், சந்தையில் விற்கும் வழக்கமான எஸ்எம்பிஎஸ் 24 முள் இணைப்போடு வரும். உங்கள் மதர்போர்டில் இருப்பதோ டெல்லின் சொந்த இணைப்பு. அதற்கு மாற்று ஒயர் கிடைத்தாலும், அந்த எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே வைக்க இடம் போதாது.

அப்படியானால் எதைப் போடலாம்? தனி மின் இணைப்புக் கேட்காத, பாதி உயரத் தகடோடு வரும் கார்டுகளைத்தான் தேட வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட்டில் ஓடுகிறது. இந்த வரம்புக்குள் வீடியோ வேலைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு, அதற்குத் தனி இணைப்பு வேண்டும். கடையில் பெட்டியைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். பாதி உயரத்தில் வருபவை பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன் கொண்டவை என்பதால், ஸ்லாட்டுக்கும் அடுத்திருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளவுகோல் வைத்து அளந்துகொள்வது அவசியம். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 அதைவிட ஒல்லியானது, 53 வாட்தான். எனினும் அதில் வீடியோவை என்கோட் செய்யும், அதாவது முடித்த வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் சிப் பகுதி இல்லை. போதாக்குறைக்கு அது ஸ்லாட்டின் தரவுப் பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய மூன்றாம் தலைமுறை ஸ்லாட் கொண்ட உங்கள் கணினியில் வேகம் இன்னும் குறையும். எடிட்டிங் செய்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பணம் உங்களுடையது என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. ஐ5-7500 பிராசசரோ விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. புதிய கார்டின் விலையை இந்தப் பெட்டிக்குள் போடுவதைவிட, இதைப் பில் எழுதும் மேசைக்கு அனுப்பிவிட்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுடன் ஓர் அசெம்பிள்டு கணினியை அமைப்பதே மேல். அப்போது கடைக்காரர் சொன்ன 3060-ஐத் தாராளமாகப் போடலாம். அதுவரை ரிசால்விலேயே ப்ராக்ஸி, அதாவது அசல் வீடியோவின் எடை குறைந்த நகல் உருவாக்கி எடிட் செய்யுங்கள்; இன்று மாலையே திக்கல் குறைவதைப் பார்ப்பீர்கள். உங்கள் கேமரா 4:2:2 10 பிட் ஹெச்இவிசி (வண்ண விவரம் கூடுதலாக உள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை) கோப்புகளைத் தருகிறதா என்றும் பாருங்கள். தருகிறது என்றால் 3060-கூட அந்தச் சுருக்கத்தை வன்பொருளில் பிரிக்காது. 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் பிராசசர்களின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் பிரிக்கும். புதுக் கணினிக்குப் பிராசசர் தேர்ந்தெடுக்கும்போது, கிராஃபிக்ஸ் உள்ளமைந்த வகையையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மகள் பி.ஆர்க். சேர்ந்திருக்கிறாள். ஏசஸ், ஹெச்பி, லெனோவா மூன்றிலும் ஆர்டிஎக்ஸ் 4050 கொண்ட லேப்டாப்கள் வெவ்வேறு விலையில் இருக்கின்றன. எந்த நிறுவனம் நல்லது? இப்போது விலை குறைந்ததை வாங்கிவிட்டு, பிறகு கார்டை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முடியாதம்மா. இன்றைய லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஐந்தாண்டுப் படிப்புக்கும் சேர்த்து இப்போதே தீர்மானிக்க வேண்டியது அது ஒன்றுதான். ரேமையும் எஸ்எஸ்டியையும் பெரும்பாலான மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

நிறுவனங்களை ஒப்பிடுவதைவிட வரிசைகளை ஒப்பிடுங்கள். லெனோவாவின் லெஜியனும் ஐடியாபேடும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றாலும் உடல்வாகு வேறு. ஏசஸின் டஃப், விவோபுக் வரிசைகளும் அப்படியே. 4050 என்ற ஒரே பெயரில் வரும் சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்ட என்விடியா அனுமதித்திருக்கிறது. மெல்லிய லேப்டாப்பில் வெப்பம் வெளியேற வழி குறைவு என்பதால் வாட்டைக் குறைத்தே வைப்பார்கள். ஆகவே இணையதளத்தின் விவரப் பட்டியலில் 'டிஜிபி' என்ற எண்ணை, அதாவது கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியிருக்கும் வாட் அளவைத் தேடுங்கள். அந்த எண்ணைப் போடாத மாடலுக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். லூமியன், என்ஸ்கேப் போன்ற கட்டடக் காட்சி உருவாக்கும் மென்பொருள்களில் பெரிய கட்டட மாதிரிகளைத் திறக்கும்போது கிராஃபிக்ஸ் நினைவகம்தான் முதலில் தீரும். 4050-இல் 6 ஜிபி, 4060-இல் 8 ஜிபி. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் அந்த இரண்டு ஜிபிக்குக் கொடுங்கள்.

கேள்வி: புதுக் கார்டு மாட்டினேன். விசிறி சுற்றுகிறது, ஆனால் கார்டு இல்லாதபோது இருந்த அதே வேகம்தான். கார்டு பழுதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கணினியின் பின்புறம் பாருங்கள். மானிட்டர் ஒயர் இன்னும் பழைய இடத்தில், அதாவது யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மதர்போர்டு ஹெச்டிஎம்ஐ துளையில் இருக்கிறதா? அப்படியானால் அதைப் பிடுங்கி, கீழே கார்டின் தகட்டில் இருக்கும் துளையில் செருகுங்கள். பிறகு என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து டிரைவரை நிறுவி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.