குளிசையும் தேத்தண்ணியும்

கேள்வி: அக்கா, எனக்கு இது முதல் பிள்ளை, வயிற்றில் ஐந்து மாதம். கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் 9.8 தான் இருக்கு என்றார்கள். தந்த குளிசையை ஒருநாள்கூட விடாமல்தான் போடுகிறேன், ஏறவில்லை. மலம் வேறு கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கு. அம்மா பப்பாசிப்பழத்தைத் தொடவே விடமாட்டா. பிள்ளை பெருத்தால் பெறுவது கஷ்டம் என்று சோற்றையும் குறைத்துத்தான் போடுகிறா.
- ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, கறுப்பு மலத்துக்குப் பயப்பட வேண்டாம், இரும்புக் குளிசை போட்டால் அப்படித்தான் போகும். நான் கேட்க நினைப்பது வேறு: குளிசையை எதோடு போடுகிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன், ஏனென்றால் நம்ம பக்கம் பாதிப்பேர் காலையில் எல்லாக் குளிசையையும் ஒன்றாக உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டு, சுடச்சுட ஒரு தேத்தண்ணியால் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியம் குளிசையும் பாலும் அப்படித்தான். அதனால் இரும்பை இரவு படுக்கப்போகும்போது வெறும் வயிற்றில், தண்ணீரோடு, கூடத் தந்த விற்றமின் சி குளிசையையும் சேர்த்துப் போடுங்கள். கல்சியத்தைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை (விடவும் மாட்டீர்கள்), குளிசைக்கும் அதற்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விட்டால் சரி. வயிற்றைப் பிரட்டினால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம்.

கர்ப்ப காலத்தில் 11க்குக் கீழே போனால் அது இரத்தச்சோகை, 9.8ஐ அசட்டையாக விடக்கூடாது. முறையாகப் போட்டு ஒரு மாதம் கழித்தும் ஏறாவிட்டால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்) மாதிரி வேறு காரணம் இருக்கா என்று சோதிப்பார்கள். பூச்சிக் குளிசை எடுத்தாயிற்றா என்றும் கேட்டுப் பாருங்கள், அதை மூன்று மாதம் கழிந்த பிறகுதான் தருவார்கள்.

இனி அம்மா. இங்கே கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், அதனால் எனக்கு மாமியாரைப் பற்றி வரும் கடிதம் குறைவு, அம்மாவைப் பற்றித்தான் கட்டுக்கட்டாக வருகிறது. பால் வடியும் பப்பாசிக் காய் வேண்டாம் என்றால் அதில் நியாயம் இருக்கு. நன்றாகப் பழுத்த பழத்தால் ஒன்றும் ஆகாது, இரும்புக் குளிசையால் வரும் மலச்சிக்கலுக்கும் நல்லது. சோற்றைக் குறைத்தால் பிறப்பு லேசாகாது, பிள்ளைதான் நிறை குறைந்து பிறக்கும். 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு படும் பாடு அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். சூடை, கீரி மாதிரிச் சின்ன மீன், முட்டை, தேசிக்காய் பிழிந்த முருங்கையிலைச் சுண்டல், இதெல்லாம் உங்கள் கோப்பையில் தாராளமாக இருக்கட்டும். அப்புறம், கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா உங்களுக்குத் தருவது. அதை உருண்டை பிடித்து வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைக்காதீர்கள், நான் பார்க்காத வீடா!

கேள்வி: மனைவிக்கு எட்டாம் மாதம். பின்னேரமானால் இரண்டு காலும் வீங்குது. கச்சான் காத்துச் சூடுதான் காரணம், ஒன்றுமில்லை என்கிறா உம்மா. அப்படி விடலாமா?
- ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, பின்னேரம் வீங்கி, காலை உயர்த்தி வைத்துப் படுத்தெழும்ப வற்றினால் உம்மா சொல்வது சரி. இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லுங்கள், வெக்கைக்குத் தண்ணீரைக் குறைக்க விடவேண்டாம். ஆனால் முகமும் கையும் வீங்கினால், விடாத தலையிடி வந்தால், கண் மங்கினால், நெஞ்சுக்குக் கீழே வயிறு நொந்தால், அது சூடு இல்லை, பிரஷர். 140/90க்கு மேலே போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்திருக்க வேண்டாம். பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலும், இரத்தம் பட்டாலும், நீர்க்குடம் உடைந்தாலும் இதேதான். இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றாமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கிளினிக் அட்டையைக் கையோடு எடுங்கள், அதைப் பார்த்தால்தான் டொக்டருக்கு முந்திய பிரஷர் எவ்வளவு என்று தெரியும்.