விசா இல்லாமல் மலேசியா: கவுண்ட்டரில் நிற்பதற்கு முன்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா எடுக்காமல் மலேசியா போய் 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதையொட்டி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி (திருச்சி): சார், விசாவே வேண்டாம் என்கிறார்கள். டிக்கெட் போட்டுக்கொண்டு போய் இறங்கினால் போதுமா?

பதில்: போதாது. விசா வேறு, உள்ளே தங்குவதற்கான அனுமதி வேறு. இந்தச் சலுகையில் நீங்கியது விசா மட்டும்தான். தங்கும் அனுமதிக்கு 'சோஷியல் விசிட் பாஸ்' என்று பெயர். அதைக் குடிநுழைவு அதிகாரி கவுண்ட்டரில் உங்களைப் பார்த்துப் பேசித்தான் தருகிறார். முன்பு விசா விண்ணப்பத்தோடு நீங்கள் கொடுத்த காகிதங்களை இப்போது அவர் அங்கேயே, ஓரிரு நிமிடத்தில் பார்க்கிறார்.

இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். 30 நாளுக்குள் மலேசியாவை விட்டுக் கிளம்பும் டிக்கெட் வேண்டும். அது இந்தியாவுக்குத் திரும்புவதாகவே இருக்கத் தேவையில்லை. மூன்றாவது நாட்டுக்கு என்றால் அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். தங்குமிடத்துக்கான பதிவு வேண்டும். செலவுக்குப் 'போதுமான பணம்' என்றுதான் விதி சொல்கிறது; வங்கிக் கணக்கு அறிக்கை, ஃபாரெக்ஸ் கார்டு, கொஞ்சம் ரிங்கிட் மூன்றும் இருந்தால் கேள்வி நீளாது.

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் ஹோட்டல் பதிவு தேவையில்லை. ஆனால் அவர் முழுப்பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "மாமா வீடு கிள்ளான்ல இருக்கு" என்று மட்டும் சொல்லி நின்றால் நம்ப மாட்டார்கள். நீங்கள் இறங்கும் நேரத்தில் அழைப்பு வந்தால் எடுக்கும்படி மாமாவிடம் சொல்லி வையுங்கள். எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் சார்ஜ் தீர்வதும் வைஃபை கிடைக்காமல் போவதும் சரியாக அந்த வரிசையில் நிற்கும்போதுதான் நடக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர்): எம்டிஏசி என்றால் என்ன? ஓர் இணையதளத்தில் அதற்குப் பணம் கேட்கிறது.

பதில்: அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். எம்டிஏசி என்பது மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம், முழுக்க இலவசம். மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில்தான் நிரப்ப வேண்டும். தளத்தின் பெயர் 'கவ் டாட் எம்ஒய்' (gov.my) என்று முடிகிறதா என்று பாருங்கள். பணம் கேட்டாலே அது இடைத்தரகர்.

வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஆளுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் தனியாக. ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிதாக. தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பினால் கோலாலம்பூரில் இறங்குவது மறுநாள் விடியற்காலை. மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வருகைத் தேதி என்ற இடத்தில் அந்த மறுநாள் தேதியைத்தான் போட வேண்டும்.

அடுத்த தவறு பாஸ்போர்ட் எண். இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். எனவே முதல் இடத்துக்குப் பிறகு வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம். ஆங்கில 'ஓ' அங்கே வரவே வராது. அடுத்தது மின்னஞ்சல் முகவரி. உறுதிச்சீட்டும் பின் (PIN) எண்ணும் அதற்குத்தான் வரும். ஓர் எழுத்து மாறினாலும் கைக்கு எதுவும் வராது. தவறு கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம், சரியான விவரத்தோடு மறுபடி நிரப்பி, புதிய சீட்டைக் காட்டுங்கள்.

கேள்வி (விருதுநகர்): என் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடம் காலியாக இருக்கிறது. சிக்கல் வருமா?

பதில்: நம் ஊரில் பாதிப்பேருக்கு இப்படித்தான். எம்டிஏசி படிவத்தில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான், பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரை அப்படியே எழுதினால் போதும். டிக்கெட் எடுக்கும்போதுதான் இடிக்கும். கடைசிப் பெயரைக் கேட்காமல் விமான நிறுவனத்தின் தளம் நகராது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்கின்றன, சில வேறு குறியீடு போடச் சொல்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். செக்-இன் கவுண்ட்டரில் அது வேறு ஆளின் டிக்கெட்டாகத் தெரியும்.

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, 30 நாள் கணக்கு எப்படி? நீட்டிக்கலாமா? முடிந்ததும் தாய்லாந்து போய்விட்டு மறுநாளே திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்குமாமே?

பதில்: நுழைந்த நாளை முதல் நாளாக எண்ணிக்கொள்ளுங்கள். கவுண்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் முத்திரையைப் படித்துப் பாருங்கள்; அதில் உள்ளதுதான் உங்கள் காலம். திரும்பும் டிக்கெட்டை 30ஆம் நாளுக்குப் போடாதீர்கள். விமானம் ரத்தானால் மறுநாள் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்பீர்கள். 27, 28க்குள் முடித்துக்கொள்வது நல்லது.

கடும் நோய், விபத்து போன்ற காரணங்களுக்கு, மருத்துவமனைக் கடிதத்தோடு, காலம் முடிவதற்கு முன்பே குடிநுழைவு அலுவலகம் போனால் நீட்டிப்புக்கு வழி உண்டு. 'இன்னும் சுற்றிப் பார்க்க வேண்டும்' என்பது காரணமாகாது. கெடு தாண்டித் தங்குவது 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் வருகிறது: குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

எல்லை தாண்டிப் போய் உடனே திரும்பினால் புதிதாக 30 நாள் தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முந்தைய முத்திரைகளைப் பார்த்து, இவர் இங்கேயே வாழ்கிறார் என்று அதிகாரி நினைத்தால் மறுப்பார். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): அண்ணே, எட்டாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். மலேசியாவில் உணவகத்தில் வேலை, முதலில் விசிட்டில் போய்விடு, பிறகு பெர்மிட் அடித்துத் தருகிறோம் என்று ஏஜெண்ட் சொல்கிறார். ஒன்றேகால் லட்சம் கேட்கிறார். போகலாமா?

பதில்: தம்பி, போகாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிது.

முதலில் உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு அங்கே ஈசிஆர் என்ற குறிப்பு இருக்கும். வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி தேவை என்று பொருள். அந்தக் குறிப்பு உள்ளவர்களுக்கு அனுமதி கட்டாயமான நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் இருக்கின்றன. சுற்றுலாவுக்குப் போனால் அனுமதி வேண்டாம். அந்த ஓட்டையைத்தான் ஏஜெண்ட் பயன்படுத்துகிறார். இந்திய இமிகிரேஷனுக்கும் இது தெரியும். ஈசிஆர் பாஸ்போர்ட்டோடு, தனியாக, புதிதாக அச்செடுத்த ஹோட்டல் பதிவோடு நிற்பவரைத் துருவிக் கேட்பார்கள். நம் ஊர் விமான நிலையத்திலேயே இறக்கிவிடுவதும் உண்டு.

அங்கே தாண்டினாலும் மலேசியக் கவுண்ட்டர் இருக்கிறது. அதையும் தாண்டினால்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. விசிட் பாஸில் வேலை செய்வது பாஸ் நிபந்தனையை மீறுவது. சோதனையில் சிக்கினால் கைது, தடுப்பு முகாம், நாடு கடத்தல். 'உள்ளே வந்த பிறகு பெர்மிட்' என்பது சட்டப்படியான வழி அல்ல. முறையான வழியில் முதலாளி முதலில் வெளிநாட்டு ஆள் எடுப்பதற்கான ஒதுக்கீடு வாங்கி, உங்கள் பெயருக்குக் 'காலிங்' என்ற ஒப்புதல் கடிதம் எடுத்து அனுப்ப வேண்டும். நீங்கள் இந்தியாவில் இருக்கும்போதே அது வர வேண்டும். அதன் பிறகுதான் வேலை விசா. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு, கெடுவும் தாண்டிவிட்டால், சம்பளம் தராதபோது காவல் நிலையத்துக்குக்கூட உங்களால் போக முடியாது. இதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. உரிம எண்ணைக் கேட்டு அதில் தேடுங்கள். பதிவுபெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ஒன்றேகால் லட்சம் கேட்பவர் அந்த வரம்புக்குள் இல்லை. சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். ஈசிஆரில் முறையாகப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம், பத்து லட்சம் ரூபாய் பாதுகாப்பு. விசிட்டில் போகிறவருக்கு அது கிடையாது.

கேள்வி (சேலம்): கோலாலம்பூர் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறேன். இரண்டு தனித்தனி டிக்கெட். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரு விமானம் முனையம் 1, மற்றது முனையம் 2 என்றால் நீங்கள் குடிநுழைவைக் கடந்து வெளியே வந்துதான் மாற வேண்டும். இரண்டும் வெவ்வேறு கட்டடங்கள், இடையில் ரயிலும் பேருந்தும் ஓடுகின்றன. அப்படியானால் எம்டிஏசி வேண்டும், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி வைக்காதீர்கள். தனி டிக்கெட்டில் அடுத்த விமானம் தவறினால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

கேள்வி (சென்னை): ஜோகூரில் தங்கி, பகலில் சிங்கப்பூர் போய் வரலாமா?

பதில்: சிங்கப்பூருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா வேண்டும், மலேசியச் சலுகை ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் பாதியோடு முடிந்துவிடும். உங்கள் விசா ஒருமுறைக்கா, பலமுறைக்கா என்று பாருங்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் சிங்கப்பூர் வருகை அட்டையைத் தனியாக நிரப்ப வேண்டும், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், அதுவும் இலவசம். சிங்கப்பூரில் இப்போது முத்திரை குத்துவதில்லை, தங்கும் காலம் மின்னஞ்சலில் வருகிறது. அதைத் திறந்து தேதியைப் பாருங்கள். மாலையில் ஜோகூர் திரும்பும்போது மறுபடி ஓர் எம்டிஏசி. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பலரும் இதைத்தான் மறக்கிறார்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): நாதஸ்வரக் கலைஞர் நான். தைப்பூசத்துக்கு ஒரு கோயிலில் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். பணம் பெரிதாக இல்லை, சன்மானம்தான். விசிட்டிலேயே போகலாமா?

பதில்: கூடாது ஐயா. சன்மானம் சிறிதா பெரிதா என்பது கணக்கில் வராது. வாசிக்கத்தான் வருகிறீர்கள் என்பதே கணக்கு. கச்சேரிக்காரர்களுக்கும் சொற்பொழிவாளர்களுக்கும் 'புரொஃபஷனல் விசிட் பாஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள் அல்ல, அழைக்கும் கோயில் நிர்வாகம். வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கு 'புஸ்பால்' என்ற மத்திய அமைப்பின் ஒப்புதலும் உண்டு, அதையும் அவர்கள்தான் கேட்க வேண்டும். இதற்கு வாரக் கணக்கில் ஆகும். தை மாதத்துக்கு ஐப்பசியிலேயே தொடங்கச் சொல்லுங்கள். கையில் நாதஸ்வரப் பெட்டியோடு 'சுற்றுலா' என்று சொல்லி நின்றால், உங்கள் வித்தைக்கு மரியாதை உள்ளவர்கள்கூட அங்கே உதவ முடியாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தச் சலுகை உண்டா?

பதில்: இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு இதில் சேராது. நீங்கள் மலேசிய இ-விசா எடுத்துக்கொண்டு, எம்டிஏசியும் நிரப்ப வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி): கவுண்ட்டரில் மறுத்துவிட்டால் என்ன நடக்கும்?

பதில்: 'நாட் டு லேண்ட்' என்று ஓர் அறிவிப்பு தருவார்கள். ஏற்றி வந்த விமான நிறுவனமே திருப்பி அழைத்துப் போக வேண்டும்; அடுத்த இருக்கை கிடைக்கும் வரை விமான நிலையத்தில் ஓர் அறையில் காத்திருக்க வேண்டியிருக்கும். அங்கே கத்திப் பேசுவதால் பயனில்லை. அமைதியாக, எந்தக் காகிதம் குறைகிறது என்று கேளுங்கள். உறவினர் எண்ணைக் கொடுத்து அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியத் தூதரக எண்ணையும் தாளில் எழுதி வைத்திருங்கள். இந்த அறிவிப்பு நிரந்தரத் தடை அல்ல. ஆனால் பதிவில் இருக்கும். அடுத்த வாரமே அதே காகிதங்களோடு போனால் அதே பதில்தான் வரும்.

பெரும்பாலும் மறுப்பு வருவது காகிதம் இல்லாததால் அல்ல, காகிதமும் வாயும் வேறு வேறு சொல்வதால். ஹோட்டல் பதிவு மூன்று நாளுக்கு, திரும்பும் டிக்கெட் 29 நாள் கழித்து. நடுவில் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. நான்கு நண்பர்கள், நால்வரும் நான்கு ஊர் சொல்கிறார்கள். கிளம்புவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து எந்த நாள் எங்கே என்று ஒரே தாளில் எழுதி, எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): கோத்தா கினபாலுவும் போகிறோம். உள்நாட்டு விமானம்தானே?

பதில்: விமானம் உள்நாடுதான், ஆனால் அந்த ஊர் இருக்கும் சபா மாநிலத்துக்கும் பக்கத்துச் சரவாக் மாநிலத்துக்கும் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. அங்கே இறங்கியதும் மறுபடி பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

கேள்வி (காரைக்குடி): அத்தைக்கு மசாலா சாமான் கொண்டுபோகிறேன், அப்படியே சிங்கப்பூரும் போகிறேன். கசகசா எடுக்கலாமா?

பதில்: சிங்கப்பூருக்கு வேண்டாம் அம்மா. அங்கே கசகசா போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை. மெல்லும் புகையிலைக்கும் மின்சிகரெட்டுக்கும்கூட அங்கே தடை உண்டு. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் தாராளமாகக் கொண்டுபோங்கள், கசகசாவோடு மட்டும் பாலம் ஏறாதீர்கள்.