மூளை ரத்தக்குழாயை அடைக்கும் திரவத்தை ஏன் பன்றியில் சோதிக்கிறார்கள்?

அண்ணனுக்கு மூளையில் ரத்தக்குழாய்ச் சிக்கல், ஓனிக்ஸ் என்ற திரவத்தைச் செலுத்தி அடைக்கப் போகிறார்கள், அதைப் பன்றியில் ஏன் சோதித்தார்கள் என்று ராயபுரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பன்றிக்கு மண்டையோட்டின் அடியில், மூளைக்குப் போகும் தமனி நுண்குழாய்களாகப் பிரிந்து, பின்னி, மறுபடி ஒன்றுசேரும். காசிமேட்டில் சுருட்டிப் போட்ட வலை மாதிரி. நமக்கு இந்தப் பின்னல் கிடையாது. ஆனால் உங்கள் அண்ணனுக்கு இருக்கும் சிக்கலும் கிட்டத்தட்ட இப்படித்தான். திரவம் எவ்வளவு தூரம் ஊடுருவுகிறது, அதைச் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டர் அதில் ஒட்டிக்கொள்கிறதா என்று அங்கே பார்க்கலாம். அச்சு அசலான நகல் இல்லைதான். அண்ணனுக்குப் போல தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் நேராகப் பாயும் வேகம் வேண்டுமென்றால், பன்றியில் அந்த இரண்டையும் அறுவை செய்து இணைக்க வேண்டும்.

ஓனிக்ஸ் என்பது டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைத்த பாலிமர், எக்ஸ்ரேயில் தெரிய டான்டலம் என்ற உலோகத் தூளோடு. ரத்தம் பட்டதும் கரைப்பான் விலகும், பாலிமர் கெட்டியாகும். கரைப்பானை வேகமாக ஏற்றினால் குழாய்ச் சுவர் கெடும் என்பதைப் பன்றிச் சோதனைகள்தான் காட்டின. அதனால்தான் அவ்வளவு மெதுவாகச் செலுத்துகிறார்கள். அப்புறம், சிகிச்சைக்குப் பின் அண்ணன் மூச்சில் பூண்டு வாசம் வந்தால் பதறாதீர்கள், அது கரைப்பானின் வேலை.